வொண்டர்லா கிளம்பும் முன் வீட்டுக் கதவு நிலையில் உயரம் அளந்துவிடுங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் வரிசையாக இருக்கும். வொண்டர்லா பொழுதுபோக்கு பார்க்குக்குப் போகும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு பிள்ளைகளைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, தலைமேல் அடிஸ்கேலை மட்டமாக வைத்துக் கோடு போடுவேன். அப்புறம் தையல் டேப்பால் தரையிலிருந்து அளப்பேன். கடைசியாக அளந்தபோது மகள் 152 செ.மீ., மகன் 131, தம்பி மகன் 106. இந்த மூன்று எண்களை நோட்டில் எழுதிய பிறகுதான் டிக்கெட், வண்டி, ரூம் எல்லாம்.

இந்தப் பழக்கம் ஒரு அழுகையில் ஆரம்பித்தது. சில வருஷங்களுக்கு முன்பு வேறொரு பார்க்குக்குப் போயிருந்தோம். அங்கிருந்த ஒரு ரோலர் கோஸ்டரை என் மகன் ஒரு மாதமாக போனில் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தான். முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசை. எங்கள் முறை வந்ததும் அங்கிருந்தவர் அளவுகோல் பக்கத்தில் அவனை நிறுத்தினார். இரண்டு விரல்கடை குறைந்தது. அவன் சத்தம் போட்டு அழவில்லை. அளவுகோலையே பார்த்துக்கொண்டு நின்றான், கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கியது. மதியம் சாப்பிடவும் இல்லை. அந்த விதி அவன் பாதுகாப்புக்குத்தான், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் அதை வீட்டிலேயே அவனிடம் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

நாங்கள் ஈரோடு. மொத்தம் எட்டுப் பேர்: நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அத்தை (என் மாமியார்), தம்பி, அவன் மனைவி, அவர்கள் மகன். பெங்களூருக்குப் பக்கத்தில் மைசூர் ரோட்டில் பிடதியில் இருக்கும் வொண்டர்லாவுக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறோம். கொச்சியில் 2000-ல் தொடங்கியவர்கள், 2005-ல் பெங்களூருக்கு வந்தார்கள். இப்போது சென்னையில் திருப்போரூர் பக்கமும் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பெங்களூர்தான் கிட்டம், அதனால் அதை வைத்தே சொல்கிறேன். பிள்ளைகள் எல்லாருமே ஐந்து வயதுக்குள் என்றால் இவ்வளவு தூரம் வேண்டாம். மேட்டுப்பாளையம் பக்கம் பிளாக் தண்டர் தண்ணீர் பார்க்குக்கு ஒருநாள் போய் வந்தாலே அவர்களுக்குப் போதும்.

வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்ப்பார்கள். 85 செ.மீ.க்குக் கீழே டிக்கெட் இல்லை, 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வளர்த்தியாக இருந்தால் பெரியவர் கணக்கில் வந்துவிடும். கதவு நிலைக் கோடு இதற்கும் உதவும். அறுபது தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு, ஆதார் அட்டையை மறக்காதீர்கள். வாரநாளுக்கும் சனி, ஞாயிறுக்கும் விலை வேறு. முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் குறையும். நீங்கள் பார்க்கும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மொத்தக் கணக்கைப் போடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு ரைடுக்கும் என்ன உயரம் என்று அவர்கள் தளத்தில் பார்த்து, பிள்ளைக்கு ஒரு பட்டியலாக எழுதிக் கொடுங்கள். ஏறக்கூடியது மட்டும் போதும். "இது உனக்கு இல்லை" என்பதை வீட்டில் சொன்னால் பிள்ளை அரைமணி நேரம் முகம் தூக்கும், அதோடு சரி. வரிசையின் முனையில் தெரிந்தால் அந்த நாளே போய்விடும். என் மகனுக்கு ரீகாயில் மேல்தான் கண். முன்னால் போன தடத்திலேயே பின்னோக்கித் திரும்பி வருகிற ரோலர் கோஸ்டர் அது. "கதவு நிலையில் கோடு ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் போய் ஒட்டி நின்று பார்க்கிறான்.

தேதி பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஊர் லீவை மட்டும் பார்க்காமல் கர்நாடகப் பள்ளிகளின் லீவையும் பாருங்கள். அங்கே மே கடைசியிலேயே பள்ளி திறந்துவிடுவார்கள். நம் ஊரில் சில வருஷம் வெயிலால் தள்ளிப்போகும். 2023-ல் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, 2024-ல் ஜூன் 10. அப்படித் தள்ளிப்போகிற வருஷத்தில் ஜூன் முதல் வாரச் செவ்வாய், புதன் கிடைத்தால் விடாதீர்கள். நாங்கள் அப்படி ஒரு புதன்கிழமை போனோம், பெரும்பாலான வரிசைகளில் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. காலாண்டு லீவு பெரும்பாலும் அவர்களுடைய தசரா லீவோடு சேர்ந்தே வரும், மைசூர் ரோடே திணறும். அரையாண்டு லீவில் கூட்டமும் உண்டு, தண்ணீரும் சில்லென்று இருக்கும். மே மாதம் போனால் சாயங்கால மழையைக் கணக்கில் வையுங்கள். இடி மின்னல் என்றால் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அதனால் பிள்ளைகளுக்குப் பிடித்ததைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, வீட்டுப் பெண்கள் எல்லாரிடமும் மாதவிடாய்த் தேதியைக் கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். பதின்வயதுப் பெண் பிள்ளையிடம் முக்கியமாகக் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டு, அந்தப் பெண் நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது கொடுமை.

பயணத்துக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். விடிகாலை கிளம்பி, ஆடி முடித்து, ராத்திரியே திரும்புவது வேண்டவே வேண்டாம். ஈரோட்டிலிருந்து பெங்களூர் சுமார் 250 கிலோமீட்டர். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோடு என்கிற சுற்றுச்சாலையில் ஏறினால் நகரத்துக்குள் நுழையாமலே மைசூர் ரோட்டைப் பிடித்துவிடலாம். டோல் கொஞ்சம் கூட, ஆனால் மிச்சமாகும் நேரத்துக்கு அது தகும். மைசூர் ரோட்டில் விரைவுச்சாலையின் நடுப்பாதையில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பிடதி பக்கம்தான் என்பதால் சர்வீஸ் ரோட்டிலேயே போங்கள். வேன் பேசும்போது கர்நாடக பெர்மிட், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்தா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். டிரைவர் அண்ணனுக்கும் ஒழுங்கான படுக்கை வேண்டும். அவர் தூங்கினால்தான் நாம் பத்திரமாக வீடு திரும்புவோம்.

நான்கு பேர் என்றால் ரயிலே நல்லது. கோயம்புத்தூர் வந்தே பாரத்தில் ஈரோட்டில் காலையில் ஏறினால் மதியம் பெங்களூர் கண்டோன்மென்ட். சில ரயில்கள் பானஸ்வாடி, பையப்பனஹள்ளி பக்கம் கொண்டுபோய் விடும். அது நகரத்தின் கிழக்குக் கோடி, பிடதியோ தென்மேற்கு. டிக்கெட் எடுக்கும்போதே எந்த ஸ்டேஷன் என்று பாருங்கள். நகரத்தின் பெரிய பஸ் நிலையம் இருக்கும் மெஜஸ்டிக்கிலிருந்து ஊதா நிற மெட்ரோ செல்லகட்டா வரை போகிறது, அங்கிருந்து டாக்சி பிடிக்கலாம். மெஜஸ்டிக்கிலிருந்து நேரடி டவுன் பஸ்ஸும் உண்டு. ரூம் கெங்கேரி அல்லது பிடதி பக்கம் போடுங்கள். ஊருக்கு நடுவில் போட்டால் காலை டிராபிக்கிலேயே பிள்ளைகள் சோர்ந்துவிடும்.

துணி விஷயத்தை நிறையப் பேர் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். தண்ணீர் ரைடுகளில் பருத்திக்கு அனுமதி இல்லை. நைலான், பாலியஸ்டர் போன்ற நீச்சல் துணிதான். பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும், சறுக்கில் வழுக்காமல் பிடிக்கும், சாயமும் நூலும் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும். புடவை, சுடிதார், ஜீன்ஸ் எதுவும் ஆகாது. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் பருத்தித் துணிதான், அதனால் நைலானை முன்கூட்டியே தேடி வாங்க வேண்டியிருக்கிறது. அங்கேயும் கிடைக்கும். ஆனால் எட்டுப் பேருக்கும் அவசரத்தில், அளவு சரியாக இல்லாமல் வாங்குவதைவிட வீட்டிலிருந்தே கொண்டுபோவது மேல். பெண்களுக்கு முழங்கை தாண்டிய கையுள்ள டி-ஷர்ட்டும் கணுக்கால் வரை வரும் நைலான் லெக்கிங்ஸும் எடுங்கள். உடம்பு மறையும், வெயிலில் தோலும் எரியாது. வீட்டிலேயே ஒருமுறை போட்டு, உட்கார்ந்து எழுந்து பார்த்துவிடுங்கள். கூச்சம் அங்கேயே பாதி போய்விடும்.

நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றில் ஊக்குகள் கோத்திருப்போமே, அவற்றை ஒன்று விடாமல் கழற்றிவிடுங்கள். சறுக்கில் படுத்து வரும்போது ஊக்கு திறந்தால் கழுத்தில் குத்தும். மெட்டி லூசாக இருந்தால் தண்ணீரில் விரல் சுருங்கியதும் நழுவிவிடும். தம்பி மனைவி ஒரு மெட்டியை இப்படித்தான் அலைக்குளத்தில் விட்டாள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கட்டிக்கொள்ளும் கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க் திறப்பது பதினொரு மணி வாக்கில். எட்டு, எட்டரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். பிடதியில் தட்டு இட்லி பேர்போனது. பேருக்கேற்றபடி தட்டு அகலம், பஞ்சு மாதிரி இருக்கும். ஆளுக்கு இரண்டு போதும். பூரி, மசால் தோசை, வடை எல்லாவற்றையும் ஊருக்குத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தோடு தலைகீழாகச் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போவார்கள். நாங்கள் பன்னிரண்டே காலுக்குச் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ரைடு வரிசையில் நிற்போம்.

உள்ளே போனதும் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து ஓடும். பிடித்து நிறுத்துங்கள். முதலில் நிலத்து ரைடுகளில் பெரியவை, மதியத்துக்கு மேல் தண்ணீர், கடைசியில் துணி மாற்றிக்கொண்டு ராட்டினம். இந்த வரிசையில் போனால் இரண்டே இரண்டு தடவை துணி மாற்றினால் போதும். சின்னவனுக்கு உயரம் போதாத ரைடு வரும்போது ஒருவர் அவனோடு நிற்க, மற்றவர்கள் ஏறிவிட்டு வந்து ஆள் மாறிக்கொள்ளுங்கள். யார் முதல் என்பதை முன்பே பேசிவிட்டால் கணவன் மனைவிக்குள் முணுமுணுப்பு வராது.

காலையில் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். தண்ணீருக்கு மாறிய பிறகு இன்னொன்று. சின்னவன் முன்கையின் உட்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு போன் நம்பர் எழுதி, மேலே தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுவேன். அலைக்குளத்தில் எல்லாத் தலையும் ஒரே மாதிரி ஈரமாக இருக்கும், ஒரு அலைக்குள் பிள்ளை பத்தடி தள்ளிப் போய்விடும். அதனால் அங்கே ஒரு பெரியவர் ஒரே ஒரு பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக அத்தையைப் பற்றி. முதல் தடவை நான் செய்த தப்பு இது. முட்டிவலி என்பதால் நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, எட்டுப் பேர் பையையும் அவர் காலடியில் போட்டுவிட்டோம். சாயங்காலம் திரும்பி வந்தபோது நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே இருந்தார். "பையை விட்டுட்டு எப்படிம்மா பாத்ரூம் போறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. லாக்கர் வாடகை நமக்குப் பெரிய தொகை இல்லை. இரண்டு லாக்கர் எடுங்கள், பெரியவர்களைப் பைக்குக் காவல் வைக்காதீர்கள். சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும். அடுத்த தடவை அவருக்கென்று ஒரு பட்டியல் போட்டேன்: ஆட்டமில்லாத ரைடுகள், ஏசி அரங்கில் உட்கார்ந்து பார்ப்பவை, சாயங்காலம் உயரத்தில் மெதுவாகச் சுற்றும் ஸ்கை வீல். ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து அவர் கூடவே இருந்தோம். ஸ்கை வீலில் மேலே போனதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார், கீழே வரும்வரை விடவில்லை. இறங்கியதும், "இன்னொரு சுத்து போலாமா?" என்றார்.

மூன்றாம் நாள் பிள்ளைகள் எட்டு மணி வரை எழாது, எழுப்பாதீர்கள். கிளம்பும் முன் மைசூர் ரோட்டிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சென்னபட்டணம். அரக்குச் சாயம் ஏற்றிய மரப் பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். கடைசல் பிடிக்கும் பட்டறையில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள், அந்தச் சூட்டிலேயே சாயம் இளகி மரத்தில் ஏறும். எங்கள் பிள்ளைகள் மூன்றும் வாயைத் திறந்தபடி பார்த்தன. சின்னவனுக்கு அத்தை ஒரு நடைவண்டி வாங்கிக் கொடுத்தார். அவனுக்கு அந்த வயது தாண்டிவிட்டது என்று தம்பி சொன்னான். வேனில் ஊர் வந்து சேரும்வரை அவன் அதை மடியிலிருந்து இறக்கவில்லை.