தண்ணீர் மாதிரியின் முடிவு வழக்கில் நிற்க வேண்டுமானால்

ஆய்வக அறிக்கையில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாக வந்துவிட்டாலே ஜெயித்த மாதிரி என்று நினைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் மில்லிகிராம் கணக்குக்கே போக மாட்டார். "இந்த பாட்டிலில் இருந்தது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தானா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

படி 1: ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள்
ஐஎஸ்ஓ 17025 (சோதனை ஆய்வகங்களின் தகுதிக்கான சர்வதேசத் தரநிலை) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் கேட்கும் சோதனை அந்த அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பாட்டில்களையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: மாதிரி எடுங்கள்
பிஎச் அளவை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அந்த இடத்திலேயே எடுத்துவிடுங்கள். உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். எடுத்த மாதிரியை எத்தனை நாளுக்குள் சோதிக்க வேண்டும் என்று கெடுவும் உண்டு. அமெரிக்க விதிகளில் பெரும்பாலான உலோகங்களுக்கு 6 மாதம், பாதரசத்துக்கு 28 நாள். உங்களுக்குப் பொருந்தும் விதியில் எவ்வளவு என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கூடவே ஒரு வெற்று மாதிரி: தூய நீரை அதே இடத்தில் திறந்து, அதே வகை பாட்டிலில் ஊற்றி, அதே அமிலத்தைச் சேர்த்து அனுப்புங்கள். அதிலும் ஈயம் வந்தால், பாட்டிலிலிருந்தோ அமிலத்திலிருந்தோ வந்திருக்கலாம் என்பார்கள்; கிணற்றை உறுதியாகக் குறை சொல்வது கடினம்.

படி 3: கைமாற்றுப் படிவம்
மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைக் காட்டும் படிவம் இது. பெரும்பாலும் வழக்கு ஆட்டம் காண்பது இங்கேதான். ஒரு படிவத்தைப் பாருங்கள்:

ஒப்படைத்தவர்: கையெழுத்து, மாலை 4.10.
பெற்றவர்: கையெழுத்து, மறுநாள் காலை 9.30.

இடைப்பட்ட 17 மணி 20 நிமிடம் பாட்டில் எங்கே இருந்தது? பூட்டிய குளிர்பெட்டியிலா, யாரோ ஒருவரின் கார் டிக்கியிலா? யாரிடம், எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாக வேண்டும். கூரியரில் அனுப்பினால், படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்து, திறந்தால் கிழியும்படி சீல் ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போடுங்கள். கூரியர் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தப்பாக எழுதிவிட்டீர்களா? வெள்ளை மை பூசவே கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், தேதி. பென்சில் வேண்டவே வேண்டாம்.

படி 4: அறிக்கை வந்த பிறகு
அறிக்கையோடு நிறுத்தாமல் கருவியின் அளவுத்திருத்தப் பதிவு (கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்த்த பதிவு), தரக்கட்டுப்பாட்டு முடிவுகள், மூலத் தரவு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம், "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் அதைப் பூஜ்யம் என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். அந்த முறையால் எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.