வேலூர் வெயிலில் விலை குறைந்த நைட் கிரீம்: வாங்குவது முதல் பழக்குவது வரை

வேலூரில் இருந்துகொண்டு நைட் கிரீமா என்று கேட்பவர்கள் உண்டு. பகலெல்லாம் வியர்த்து வழிகிற ஊரில் முகத்தில் இன்னும் எதைப் பூசுவது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் வியர்வை முகத்துக்கு ஈரம் தருவதில்லை. உலரும்போது உப்பைத்தான் விட்டுப் போகிறது. எண்ணெய் வழிகிற முகத்திலும் நீர்ச்சத்து குறைந்திருக்கலாம். மூக்கும் நெற்றியும் பளபளக்க, கன்னமும் வாயோரமும் மட்டும் இழுத்துப் பிடிக்கிற முகங்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம்.

தோல் வழியாகத் தண்ணீர் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். பகலைவிட இரவில் இது கூடுதல். நாமோ அந்த நேரத்தில்தான் மின்விசிறியை ஐந்தில் வைத்து நேர் கீழே படுக்கிறோம், அல்லது ஏசி போட்டுக்கொள்கிறோம். இரண்டுமே முகத்தை உலர்த்தும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஏற்றாமல் காயவிட்டால் விறைத்துப்போகும். நம் முகத்தின் மேலடுக்கும் உயிரற்ற செல்களால் ஆனதுதான். அது மென்மையாக இருக்கத் தண்ணீரும் வேண்டும், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற கொழுப்பும் வேண்டும்.

ஈரப்பதம் தரும் நைட் கிரீமின் வேலை இவ்வளவுதான். இந்த வேலையை நன்றாகச் செய்கிற பொருள்கள் கிளிசரினும் பெட்ரோலாட்டமும் (வாஸ்லின் என்று நாம் சொல்வது இதைத்தான்). இரண்டுமே மலிவானவை. அதனால்தான் 200, 300 ரூபாய் கிரீம் கூட நன்றாக வேலை செய்யும் என்று துணிந்து சொல்கிறேன். டப்பா விலை கூடக் கூட நாம் பெரும்பாலும் வாசனைக்கும் கண்ணாடி ஜாடிக்கும் விளம்பரத்துக்கும்தான் காசு கொடுக்கிறோம்.

முதல் படி: முகத்தைப் பாருங்கள்

சாயங்காலம் முகம் கழுவிவிட்டு எதுவும் பூசாமல் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கண்ணாடி முன் நின்று சிரித்துப் பாருங்கள். முகம் முழுக்க இழுத்தால் வறண்ட சருமம். நெற்றி, மூக்கில் மட்டும் எண்ணெய் தெரிந்து கன்னம் இழுத்தால் கலப்பு வகை. எங்கும் இழுக்காமல் எண்ணெய் மட்டும் தெரிந்தால் எண்ணெய்ச் சருமம். அவர்களுக்கு லேசான ஜெல் வகை போதும், கோடையில் அதுவும் தினமும் வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பில் எங்காவது வெளிறிய படை இருந்து, அங்கே தொட்டால் உணர்ச்சி குறைவாகத் தெரிந்தால், வறட்சி என்று நினைத்துக் கிரீம் பூசிக்கொண்டிருக்காதீர்கள். அது தொழுநோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், மருந்தால் குணமாகிற நோய்தான். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். காட்பாடிக்குப் பக்கத்தில் 1955 முதல் இயங்கிவரும் கரிகிரி மருத்துவமனை இந்த நோய்க்காகவே தொடங்கப்பட்டது. சீக்கிரம் காட்டுவதுதான் முக்கியம்.

இரண்டாவது படி: லேபிளைப் படித்து வாங்குங்கள்

லாங் பஜார் ஃபேன்சி கடையில் வாங்கினாலும் சரி, சிஎம்சி மருத்துவமனை எதிரே ஐடா ஸ்கடர் சாலையில் வரிசையாக இருக்கும் மருந்துக் கடைகளில் வாங்கினாலும் சரி, அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால், "பார்த்துட்டுச் சொல்றேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு நிதானமாகவே படியுங்கள்.

சேர்மானங்கள் பொதுவாக அதிகம் உள்ளதிலிருந்து குறைவாக உள்ளது வரை வரிசையாக இருக்கும். முதலில் தண்ணீர், அதாவது 'அக்வா'. அடுத்த நான்கைந்து பெயர்களுக்குள் கிளிசரின் இருந்தால் நல்ல அறிகுறி. தண்ணீரை இழுத்துப் பிடிப்பது அது. ஹையலுரானிக் அமிலம், யூரியா, பான்தெனால் எல்லாம் அதே வேலைக்கானவை. ஹையலுரானிக் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டுவிட்டு பட்டியலின் கடைசியில் வைத்திருப்பார்கள். அது மிகக் குறைந்த அளவிலேயே சேர்க்கப்படுவது என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

அடுத்து, அந்தத் தண்ணீர் பறந்துபோகாமல் மூடி வைக்கிறவை: பெட்ரோலாட்டம், மினரல் ஆயில், டைமெதிகோன். வறண்ட சருமத்துக்கு முதல் இரண்டும், எண்ணெய்ச் சருமத்துக்கு டைமெதிகோனும் ஒத்துப்போகும். செராமைடு இருந்தால் இன்னும் நல்லது. தோலிலேயே இயற்கையாக இருக்கிற கொழுப்பு அது.

பட்டியலில் 'சீட்டைல் ஆல்கஹால்', 'சீட்டோஸ்டியரில் ஆல்கஹால்' என்று பார்த்துப் பயப்படாதீர்கள். பெயரில்தான் ஆல்கஹால்; உண்மையில் மெழுகு போன்ற, தோலை மிருதுவாக்கும் பொருள்கள். 'ஆல்கஹால் டீநேச்சர்டு' என்பது வேறு; சட்டென்று ஆவியாகித் தோலை உலர்த்துகிற நிஜ ஆல்கஹால். அது பட்டியலின் தொடக்கத்திலேயே வந்தால் வறண்ட முகக்காரர்கள் அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடலாம். 'பர்ஃப்யூம்', 'ஃபிராக்ரன்ஸ்' என்றால் வாசனைப் பொருள். முகம் சட்டென்று சிவக்கிற, அரிக்கிற தன்மை உள்ளவர்கள் வாசனை இல்லாததைத் தேடுங்கள்.

'ரெட்டினால்' கலந்த நைட் கிரீம்கள் சுருக்கத்துக்கானவை. முதன்முதலாகத் தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

இனி விலை. எம்ஆர்பியை எடையால் வகுத்துப் பாருங்கள். 50 கிராம் 200 ரூபாய் என்றால் கிராம் 4 ரூபாய். பெரிய டப்பாவில் கிராம் 2.50 ரூபாய்தான் வருகிறது என்றாலும், முதல் முறை சின்னதே வாங்குங்கள். முகத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாத நிலையில் பெரிய டப்பா லாபமில்லை. ஒரு இரவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் 50 கிராம் ஒன்றரை மாதத்துக்கு மேல் வரும்.

பேட்ச் எண், தயாரிப்பு உரிமம் எண், காலாவதி தேதி மூன்றும் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். ஒரு வாரத்தில் வெள்ளையாக்கும் என்று சொல்லி, லேபிள் இல்லாமல் விற்கிற கிரீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதேபோல மருந்துக் கடையில் டியூபில் வாங்கி, 'நைட் கிரீம்' என்று சொல்லிப் பூசிக்கொள்கிற சிலவற்றில் பீட்டாமெதாசோன், குளோபெட்டாசோல், மொமெட்டாசோன் என்று எழுதியிருக்கும். இவை ஸ்டீராய்டு மருந்துகள். பூசியதும் முகம் பளிச்சென்று ஆகும். சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு வெடித்து, நிறுத்தினால் எரிகிற நிலைக்கு வந்துவிடும். அக்கா சொன்னாள், பக்கத்து வீட்டு அத்தை பூசுகிறார் என்று ஒரு பெண் பிள்ளையும் இதைத் தொடக் கூடாது. ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டலாம்.

மூன்றாவது படி: கையில் சோதனை

வாங்கி வந்த அன்றே முகத்தில் பூசாதீர்கள். முழங்கை உள்மடிப்புப் பக்கம், ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலையும் இரவும் கொஞ்சம் தடவுங்கள். ஒரு வாரம் தொடருங்கள். ஒவ்வாமை முதல் நாளே தெரியும் என்ற கட்டாயம் இல்லை, மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் கூட அரிப்பு தொடங்கும். சிவப்பு, தடிப்பு, அரிப்பு எதுவும் இல்லையென்றால் அடுத்து தாடை ஓரத்தில் இரண்டு மூன்று இரவு. பிறகு முழு முகம்.

நான்காவது படி: தண்ணீரைக் கவனியுங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். நம் பக்கம் நிறைய வீடுகளில் போர் தண்ணிதான். வாளியிலும் குழாய் முனையிலும் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்தால் நுரை வராது. கரையாத ஒரு படலம் உண்டாகும். அது முகத்தில் தங்கி வறட்சியையும் எரிச்சலையும் கூட்டும். அதன்மேல் எந்தக் கிரீம் பூசினாலும் பாதி பலன்தான்.

அதனால் முகத்துக்குக் குளியல் சோப்பை விட்டுவிட்டு, சோப்பு அல்லாத மென்மையான ஃபேஸ் வாஷுக்கு மாறுங்கள். கழுவி முடித்ததும் கடைசியாக ஒரு சொம்பு காவிரித் தண்ணியோ கேன் தண்ணியோ எடுத்து முகத்தை அலசுங்கள். ஒரு சொம்பு போதும். வெந்நீர் வேண்டாம், மார்கழியிலும் வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷூ கம்பெனி, தறி, கட்டட வேலை என்று தூசியில் இருந்துவிட்டு வருகிறவர்கள் வந்ததும் ஒரு முறை வெறும் தண்ணீரில் கழுவி, படுக்கும் முன் ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவினால் சரியாக இருக்கும்.

ஐந்தாவது படி: பூசுவது

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முகம் முழுக்கக் காயக் கூடாது, லேசான ஈரம் இருக்கும்போதே கிரீம் பூச வேண்டும். கிளிசரினுக்குப் பிடித்துவைக்கத் தண்ணீர் தேவை, அந்தத் தண்ணீரை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். காய்ந்த முகத்தில் பூசிவிட்டு, கிரீம் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் இந்த ஒன்றை மாற்றிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

பெரிய பட்டாணி அளவு எடுங்கள். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளி வைத்து, அழுத்தாமல் பரப்புங்கள். கழுத்துக்குத் தனியாகக் கொஞ்சம். கண் இமையில் பூச வேண்டாம்; அங்கே தோல் மிக மெல்லியது, கிரீம் கண்ணுக்குள் இறங்கினால் எரியும். ஜாடியில் விரலை விடாமல் சுத்தமான, காய்ந்த சின்ன ஸ்பூனால் எடுத்தால் கிரீம் சீக்கிரம் கெடாது.

படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே பூசிவிடுங்கள். பூசியவுடன் படுத்தால் பாதி தலையணைக்குத்தான் போகும். உறையை வாரம் ஒரு முறையாவது மாற்றுங்கள்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். ரொம்ப வறண்ட, பருவே வராத முகத்துக்கு ஈரத்தோடு இரண்டு சொட்டு தடவினால் நன்றாகவே இருக்கும். ஆனால் அது தண்ணீரை மூடி வைக்குமே தவிர, கிளிசரின் போல இழுத்துப் பிடிக்காது. பரு வருகிற முகத்தில் துவாரத்தை அடைத்துவிடவும் கூடும்.

ஆறாவது படி: நான்கு வாரம் பொறுமை

முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுங்கள். அப்புறம் தினமும். இந்த நாட்களில் புது சீரம், புது ஸ்க்ரப், பார்லர் ஃபேஷியல் எதுவும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பூசியதும் தெரிகிற பளபளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலையில் எழுந்து முகம் கழுவும் முன் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். மிருதுவாக இருக்கிறதா, இழுக்கிறதா, பிசுபிசுக்கிறதா? சுவர் காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். இழுப்பு குறைவது சில நாட்களிலேயே தெரியும். சொரசொரப்பு போக இரண்டு மூன்று வாரம் ஆகலாம். மங்கு எனப்படும் கருந்திட்டும் கரும்புள்ளியும் இந்தக் கிரீமால் மறையாது. அந்த எதிர்பார்ப்போடு வாங்க வேண்டாம். காலையில் சன்ஸ்கிரீன் பூசுவது தனி வேலை, அதை நைட் கிரீம் ஈடு செய்யாது.

பூசும்போது சில நொடி சுருக்கென்றால் பரவாயில்லை. எரிச்சல் நீடித்தால், வீங்கினால் உடனே கழுவிவிட்டு நிறுத்துங்கள். நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு கொப்புளம் வந்தால் கிரீம் உங்களுக்குக் கனம் அதிகம் என்று வைத்துக்கொண்டு நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சையாகவும் இருக்கலாம்.

பருவத்துக்கு ஏற்ப மாற்றம்

பங்குனி முதல் ஆனி வரை, குறிப்பாகக் கத்திரி வெயிலில், ஜெல் வகை அல்லது வழக்கமான கிரீமில் பாதி அளவு. மொட்டை மாடியில் படுப்பவர்கள் காற்று நேராக முகத்தில் அடிப்பதால் கன்னத்துக்கு மட்டும் பூசினாலும் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே லேசான கிரீம். மார்கழி, தை வந்தால் கனமான கிரீமுக்கு மாறுங்கள். அதற்கெனப் புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. இருக்கிற ஜெல்லைப் பூசிவிட்டு, அதன்மேல் வறண்ட இடத்தில் மட்டும் துளி வாஸ்லின் ஒற்றினால் போதும்.

டப்பாவை ஜன்னல் மேடையிலும் வண்டிப் பெட்டியிலும் வைக்காதீர்கள். மே மாத வெப்பத்தில் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடும். பிரிந்தாலோ, வாடை மாறினாலோ தூக்கிப் போடுங்கள். திறந்த ஜாடி படத்துக்குள் '12எம்' என்று இருந்தால் திறந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பொருள். மூடியிலேயே திறந்த தேதியை எழுதிவிடுங்கள்.

முகத்துக்குப் பிசுபிசுக்கிறது, ஆனால் அரிப்போ சிவப்போ இல்லை என்றால் அந்த டப்பா வீணில்லை. குளித்த ஈரத்தோடு முழங்கை, குதிகால், பாத்திரம் தேய்த்துக் காய்ந்த கைகளுக்குப் பூசித் தீர்த்துவிடலாம். அரித்த கிரீமை மட்டும் உடம்பில் வேறெங்கும் பூசாதீர்கள், வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.