பழைய ஆங்கில நாவலில் 'கட்' வந்தால் கத்தியைத் தேடாதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் ஒருவர் இன்னொருவரை 'கட்' செய்தார் என்று வந்தால், நன்றாகத் தெரிந்தவரையே தெரியாதவர்போல நடத்தி உறவை முறித்துக்கொண்டார் என்று படியுங்கள். 1811-இல் லண்டனில் வெளியான ஒரு கொச்சைச் சொல் அகராதி இதையே நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஆள் வருவதைப் பார்த்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவது 'கட் டைரக்ட்'. வேறு பக்கம் பார்த்தபடி கடந்துபோவது 'கட் இன்டைரக்ட்'. அவர் மறையும்வரை கேம்பிரிட்ஜிலுள்ள கிங்ஸ் காலேஜ் தேவாலயத்தின் உச்சியையோ மேகங்களையோ ரசித்துக்கொண்டிருந்தால் 'கட் சப்ளைம்'. குனிந்து ஷூ லேஸை ஆராய்ந்தால் 'கட் இன்ஃபெர்னல்'! தொகுத்தவர் சரியான குறும்புக்காரர்.

அமெரிக்கக் கதைகளில் ஒருவனுக்கு 'மிட்டன்' கிடைத்தது என்றால் கம்பளிக் கையுறை அல்ல. அவன் விரும்பிய பெண் முடியாது என்று சொல்லிவிட்டாள். இதை 'ஜில்ட்' என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆசை காட்டிவிட்டு, அப்புறம் கைவிடுவது; குற்றச்சாட்டின் தொனி அதில் உண்டு.

'பிளாக்பால்' கிளப் சமாச்சாரம். புது உறுப்பினர் வேண்டாம் என்பவர்கள் பெட்டிக்குள் ரகசியமாகக் கறுப்பு உருண்டையைப் போடுவார்கள். பல கிளப்புகளில் ஒன்றிரண்டு விழுந்தாலே ஆள் வெளியேதான்.