டூயட் பாட்டை டான்ஸ் ரீமிக்ஸ் செய்வது எப்படி: இரண்டு குரலையும் பீட்டில் உட்காரவைக்கும் வழி

ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் ஒரு டான்ஸ்-பாப் பாட்டை ரீமிக்ஸ் செய்ய உட்கார்ந்தேன். டிரம்ஸ், பேஸ் எல்லாம் இரண்டே மாலையில் முடிந்தன. குரல்களைப் பீட்டில் உட்காரவைக்க மட்டும் மூன்று வாரம் ஆனது. அதனால் அந்த இடத்தில்தான் இங்கே அதிகம் நிற்கப்போகிறேன். மென்பொருளை நிறுவுவது, டிராக் சேர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. குரலைப் பிரிப்பது

பாட்டை உருவாக்கியவர்களிடமிருந்தே குரல் டிராக் கிடைத்தால் அதுதான் சிறந்தது. கிடைக்காவிட்டால் டீமக்ஸ் (Demucs) என்ற மென்பொருள். இலவசம், பாட்டை டிரம்ஸ், பேஸ், குரல், மற்றவை என நான்காகப் பிரித்துத் தரும். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பைக் கொடுங்கள்.

2. டெம்போ

நான் வழுக்கிய இடம் இது. மென்பொருள் தானாகக் கண்டுபிடித்துச் சொன்ன டெம்போ, அதாவது நிமிடத்துக்கு விழும் பீட், 103.9. பாட்டின் உண்மையான டெம்போ 104. முதல் பல்லவிவரை எல்லாம் சரியாகத்தான் கேட்டது. மூன்றரை நிமிடப் பாட்டின் கடைசிக்கு வரும்போது குரல் கிட்டத்தட்ட 0.2 நொடி முந்திவிட்டது. அதாவது ஒரு பீட்டில் மூன்றில் ஒரு பங்கு. பிரித்தெடுத்ததில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி பிரித்தேன். அப்புறம் ஒவ்வொரு வரியாகக் கையால் நகர்த்தினேன். அவன் வரியைச் சரிசெய்தால் அவள் பதில் தள்ளிப்போனது.

இப்போது நான் செய்வது இதுதான். பிரித்தெடுத்த டிரம்ஸ் டிராக்கைத் தூக்கிப்போடாதீர்கள். அதைக் குரல் டிராக்குக்கு மேலே வையுங்கள். முதல் கிக் (டிரம்ஸின் கனத்த அடி) விழும் இடத்தை நன்றாகப் பெரிதாக்கி, அந்த அலை எழும் புள்ளியை ஒரு பாரின் (நான்கு பீட் ஒரு பார்) கோட்டில் பொருத்துங்கள். நேராகக் கடைசிப் பல்லவிக்குப் போங்கள். அங்கேயும் கிக் கோட்டின்மேல் விழுந்தால் டெம்போ சரி. விலகினால் முதலில் பக்கத்து முழு எண்ணைப் போட்டுப் பாருங்கள். கணினியில் உருவான டான்ஸ் பாட்டுகளில் பெரும்பாலும் அதுதான் விடை. இரண்டு டிராக்கையும் சேர்த்தே நகர்த்துங்கள். குரலின் தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை வெட்டிவிட்டால் கணக்கு மொத்தமும் போச்சு.

இந்த வேலைக்கு எனக்கு ஏபில்டன் லைவ் என்ற இசை மென்பொருள்தான் பிடிக்கும். குரலுக்கு அதில் காம்ப்ளெக்ஸ் ப்ரோ வார்ப் (சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் முறை). டெம்போவைத் தானாக ஊகிக்கும் ஆட்டோ வார்ப்பை அணைத்துவிடுங்கள்.

3. புது டெம்போ

104-இல் இருந்து 126-க்கு இழுத்தால் 21 சதவீத வேகம் கூடும். மெய்யெழுத்துகள் நசுங்கி, இருவரும் அவசரமாகப் பேசுவதுபோல் ஆகிவிடும். நான் 116-இல் நிறுத்தினேன். சுருதியை மாற்றவே இல்லை. ஏற்றினால் அவள் குரல் கீச்சிடும், இறக்கினால் அவன் குரல் அடியில் மங்கிவிடும்.

4. அவன், அவள், இருவரும்

டீமக்ஸ் இரண்டு குரலையும் ஒரே டிராக்காகத்தான் தரும். அதை நீங்களே வெட்டி மூன்று டிராக்குகளில் போடுங்கள். வெட்டும் இடத்தில் கவனம். அவன் கடைசி எழுத்தின் எதிரொலி அடங்கும் முன்பே அவள் மூச்சிழுப்பது கேட்கும். அந்த மூச்சு அவள் டிராக்கில் இருக்க வேண்டும். அதை வெட்டினால் இருவரும் தனித்தனி அறையில் பாடுவதுபோல் இருக்கும். டூயட்டின் உயிரே அவன் முடித்ததும் அவள் எடுக்கும் அந்த இடம்தான். 15 மில்லிநொடி கிராஸ்ஃபேட் (ஒன்று தேயத் தேய மற்றது எழும் இணைப்பு) போதும்.

அவள் டிராக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழும், அவன் டிராக்கில் 80-க்குக் கீழும் உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள். பழைய கிக்கின் மிச்சம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கிக் விழும்போது மற்ற ஒலியைத் தாழ்த்தும் சைட்செயின் பேஸுக்கும் சிந்த்துக்கும் மட்டும்; குரலுக்குப் போடாதீர்கள்.

5. அடுக்குவது

தொடக்கத்தில் 16 பார் வெறும் டிரம்ஸ் விடுங்கள். 116-இல் அது 33 நொடி, டிஜே முந்தைய பாட்டிலிருந்து மாற இடம் கிடைக்கும். பொதுவில் வெளியிடுவதானால் ஒலிப்பதிவின் உரிமையாளர், பாட்டின் வரிகளுக்கும் இசையமைப்புக்கும் உரிமையாளர் என இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும்.

பிற்சேர்க்கை: முழு எண் போட்டும் நடுப்பாட்டில் விலகுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பாட்டில் டிரம்ஸை ஆள் வாசித்திருப்பார்; டெம்போ கூடிக் குறையும். டிரம்ஸ் டிராக்கைப் பார்த்து 8 பாருக்கு ஒரு வார்ப் குறி (ஒலியின் ஒரு புள்ளியை பீட்டோடு பூட்டும் குறி) வைத்து, அதே குறிகளைக் குரலிலும் வையுங்கள். ஒவ்வொரு பீட்டுக்கும் வைக்காதீர்கள், பாடியவரின் நடையே போய்விடும்.