பறவைக் காய்ச்சல் வந்து கோழியை அழிக்கணும்னா, பண்ணைக்காரங்க என்ன செய்யணும்

நாமக்கல் லேயர் பண்ணையோ பல்லடம் பிராய்லர் செட்டோ, நேத்து நல்லா தீனி எடுத்த கோழி விடிஞ்சா கொத்தா செத்துக் கெடக்குது, கொண்டை நீலம் பாஞ்சு மூஞ்சி வீங்கியிருக்குதுன்னா, வெள்ளைக்கழிச்சல்தான்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க. பறவைக் காய்ச்சலும் வெள்ளைக்கழிச்சலும் பார்க்க ஒரே மாதிரி இருக்குமுங்க, லேப் டெஸ்ட்லதான் பிரிச்சு சொல்ல முடியும். உடனே கால்நடை மருந்தகத்துக்கு சொல்லுங்க, சாம்பிள் போபால் லேபுக்குப் போயி ரிசல்ட் வர்ற வரைக்கும் கோழி, முட்டை, முட்டை அட்டை, எரு எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. இருக்கறத கறிக்கடைக்கு ஏத்திவுட்டா பாதிக் காசாவது தேறும்னு யாராவது வருவாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க, அந்த ஒரு வண்டியே போற ஊருக்கெல்லாம் நோயைக் கொண்டு போயிரும்.

உறுதியாச்சுன்னா 1 கிலோமீட்டர் சுத்துல எல்லாக் கோழியையும் அழிப்பாங்க, சாளைல மேயற நாட்டுக்கோழி, சேவல் உட்பட. 10 கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு.

காசு விஷயம் இங்கதான் இருக்குது. அரசாங்க டீம் அழிக்கிற கோழிக்குத்தான் இழப்பீடு, தானா செத்ததுக்குக் கிடையாது, அதனால சொல்லாம தள்ளிப்போடற ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் நட்டம். செத்த கோழிக் கணக்கு எழுதற மார்ட்டாலிட்டி ரெஜிஸ்டரை எடுத்து வெச்சு, அழிக்கிற கோழியை உங்க கண்ணு முன்னால எண்ணி, எழுதின கணக்கோட காப்பி வாங்கிக்குங்க. குஞ்சு, குஞ்சும் தீனியும் குடுத்து கூலிக்கு வளர்க்க விடற இன்டக்ரேஷன் கம்பெனியோடதுன்னா கோழிக்கு ஓனர் அவங்கதான், உங்க வளர்ப்புக் கூலி என்னாகும்னு அவங்ககிட்ட எழுத்துல கேட்டுருங்க.

அழிச்ச கோழியைப் புதைக்கற குழி கெணத்துக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, முடிஞ்சா பண்ணைக்குள்ளயே. நீளம் அகலம் ஆழம் மூணும் 2 மீட்டர் இருந்தா சுமார் 1800 கோழி கொள்ளும், சுண்ணாம்பு போட்டு நாய் தோண்டாத அளவுக்கு மண்ணு மூடணும். படுதாவை இறக்கி செட்டை இருட்டாக்கிட்டா கோழி மிரளாம புடிக்க வரும். கழுத்தை முறிக்கறது ஒரே இழுப்புல முடியணும், உசுரோட குழில போடறதைப் பார்த்தீங்கன்னா நிறுத்தச் சொல்லுங்க, அதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்குது.

கோழி அழிக்கிறப்ப உங்க ஆளுங்க யாராவது கூட நின்னா மாஸ்க், கண்ணாடி, கையுறை, கவுன் இல்லாம உள்ள போகக் கூடாது, சுகாதாரத்துறை குடுக்கற தடுப்பு மாத்திரையை விடாம சாப்புடணும், அப்புறம் 10 நாளைக்குக் காய்ச்சல் இருமல் வருதான்னு பார்த்துக்கணும். குழந்தைகளை சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிருங்க.

மிச்சத் தீனி, செட் தரைல போட்ட மஞ்சி, முட்டை அட்டை எல்லாம் அதே குழிக்குத்தான். செட்டைக் கழுவி மருந்தடிச்சு, கால்நடைத் துறை சான்றிதழ் குடுத்து அனுமதி சொன்ன பிறகுதான் அடுத்த பேட்ச் இறக்கணும்.