பாஸ்வேர்டு சரி, ஜிப் மட்டும் திறக்கவில்லை

வருமான வரிக் கணக்கு போட்டுத் தருவது என் தொழில். ஜூலையில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கீட்டுத் தாளை 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ஜிப் கோப்பாக்கி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி மின்னஞ்சலில் அனுப்பினேன். "பாஸ்வேர்டு தப்புங்க சார்" என்றார். மூன்று நாள் மாற்றி மாற்றி அனுப்பினேன். போனில் எழுத்து எழுத்தாகச் சொல்லியும் பார்த்தேன்.

பாஸ்வேர்டில் கோளாறே இல்லை. நான் தேர்ந்தெடுத்தது ஏஇஎஸ்-256 என்ற பூட்டும் முறை. அவருடைய பழைய கணினியிலிருந்த ஜிப் திறப்பானுக்கு அது புரியாது. 7-ஜிப்பிலேயே இருக்கும் ஜிப்கிரிப்டோ முறைக்கு மாற்றியதும் திறந்தது. ஆனால் அது எளிதில் உடையும் பழைய முறை. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன்: இந்த இரண்டில் எந்த முறையில் பூட்டினாலும், பாஸ்வேர்டு கேட்கும் முன்பே ஜிப்புக்குள் இருக்கும் கோப்பின் பெயர் தெரிகிறது. நான் வைத்திருந்த பெயரோ அவருடைய பான் எண்! ஜிப்புக்குப் பதில் 7-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட்டில் பெயரையும் மறைக்கலாம்தான். அதற்காக அவரைப் புது மென்பொருள் நிறுவச் சொல்ல மனமில்லை.

சரி, ஜிப்பே வேண்டாம் என்று லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் தாளைப் பிடிஎஃப் ஆக்கும்போதே பாஸ்வேர்டு வைத்தேன். அங்கே திறக்க ஒன்று, அச்சிட, திருத்த அனுமதிக்கு ஒன்று என்று இரண்டு பாஸ்வேர்டு உண்டு. இரண்டாவதை மட்டும் வைத்தால் யாரும் திறந்து படிக்கலாம். முதலாவதை வைத்து, கோப்புக்கு 'கணக்கு-1' என்று பெயரிட்டு அனுப்பினேன். பாஸ்வேர்டைப் போனில் சொன்னேன். அவர் செல்போனிலேயே திறந்துவிட்டார்.