ஆங்கிலக் குடும்பப்பெயரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி? வாஷிங்டன் பெயரை வைத்து ஒரு செய்முறை

வாஷிங்டன் என்றதும் அமெரிக்கத் தலைநகரம்தான் நினைவுக்கு வரும். நகரத்துக்கு அந்தப் பெயர் ஜார்ஜ் வாஷிங்டனால் வந்தது. அவருடைய குடும்பத்துக்கோ இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஓர் ஊரால் வந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் என்ற பிரபு ஹார்ட்பர்ன் நிலத்தை விட்டு வெசிங்டன் (இன்றைய வாஷிங்டன் ஊர்) நிலத்துக்கு மாறினார். பழைய ஊரின் பெயரை விட்டுப் புதிய ஊரின் பெயரைச் சூடிக்கொண்டார். அங்கிருந்து அந்தக் குடும்பம் அமெரிக்காவின் வர்ஜினியாவுக்குப் போய்ச் சேரும் வரை ஏறத்தாழ 470 ஆண்டுகள். இந்தப் பெயரை வைத்துக் கற்றுக்கொண்டால் வேறெந்தப் பெயருக்கும் அதே வழி உதவும்.

ஒரு விதியை முதலில் மனதில் நிறுத்துங்கள்: தேடல் எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். புகழ்பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கி வந்தால், உங்கள் ஆளை எங்காவது வலிந்து ஒட்டவைக்கத்தான் தோன்றும்.

படி 1: பெயர் எந்த வகை?

ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் நான்கு வகை. ஸ்மித், டெய்லர் போன்றவை தொழிலால் வந்தவை. ஜான்சன் தந்தை பெயரால் வந்தது. லாங், வைட் ஆகியவை தோற்றத்தால் வந்தவை. மீதி ஊர்ப்பெயர்கள். ஸ்மித்தின் பூர்வீகத்தைப் பெயரை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கொல்லர் இல்லாத ஊர் ஏது? ஊர்ப்பெயர் என்றால் தேட ஓர் இடம் கிடைக்கிறது.

இங்கேயே முதல் பள்ளமும் இருக்கிறது. வடகிழக்கே பழைய டரம் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) ஒரு வாஷிங்டன் இருப்பதுபோல, தெற்கே சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் இருக்கிறது. இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களில் பல இப்படி இரட்டை, மும்மடங்கு. எந்த ஊர் என்பதை வரைபடம் சொல்லாது, ஆவணம்தான் சொல்லும். இன்னொன்று: பிரபு தன் நிலத்தின் பெயரைச் சூடுவார், சாதாரண ஆளையோ ஊரை விட்டுப் போன பிறகுதான் மற்றவர்கள் ஊர்ப்பெயரால் அழைப்பார்கள். அதனால் பெயருக்குரிய ஊரில் அந்தப் பெயர்க்காரர் ஒருவரும் இல்லாவிட்டால் குழம்ப வேண்டாம். பக்கத்து ஊர்களில் பாருங்கள்.

படி 2: எழுத்து வேறுபாடுகளைப் பட்டியலிடுங்கள்

பழைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வாஷிங்டனே வெசிங்டன், வாசிங்டன் என்றெல்லாம் வருகிறது. சவுண்டெக்ஸ் முறை இதற்கு உதவும்: முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்யொலிகளுக்கு எண் கொடுக்கும். வாஷிங்டனுக்கும் வெசிங்டனுக்கும் ஒரே குறியீடுதான் வரும்: டபிள்யூ 252. ஆனால் முதல் எழுத்தே மாறிவிட்டால் சவுண்டெக்ஸ் கைவிடும். அதனால் உச்சரிப்பில் வராத முதல் எழுத்துள்ள பெயர்களை இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

படி 3: 1881இன் பரவலைப் பாருங்கள்

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர்ப்பட்டியலை ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கவுண்டி வாரியாக எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். லண்டன், லங்காஷயர் போன்ற இடங்களில் எண்ணிக்கை கூடினால் அதைப் பூர்வீகம் என்று எண்ணிவிடாதீர்கள். வேலை தேடி எல்லாரும் போன இடங்கள் அவை. மக்கள்தொகை குறைந்த கவுண்டியில் ஒரு பெயர் கொத்தாக இருப்பதே நல்ல தடயம்.

படி 4: 1837 வரை பின்னோக்கி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. திருமணச் சான்றிதழ்தான் முதலில் வாங்க வேண்டியது: மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். பிறகு கணக்கெடுப்புகள். 1851 முதல் பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) எழுதப்பட்டிருக்கும். 1841இல் அது இல்லை. இதே கவுண்டியில் பிறந்தவரா என்று மட்டும் கேட்டார்கள். பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தும் எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். அந்த வயதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் வேறொருவரின் ஞானஸ்நானத்தில் போய் நிற்பீர்கள். 1931 கணக்கெடுப்பு தீயில் அழிந்தது, 1941இல் எடுக்கவே இல்லை. 1939 செப்டம்பர் 29ஆம் தேதி எடுத்த மக்கள் பதிவேடு அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

படி 5: பாரிஷ் பதிவேடுகளும் தேதிக் குழப்பமும்

1837க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான். 1538இல் தாமஸ் கிராம்வெல் ஆணையால் தொடங்கியவை. உள்நாட்டுப் போர்க்காலமான 1640, 50களில் பல ஊர்களில் பக்கங்கள் காலியாக இருக்கும். ஞானஸ்நானம் கிடைக்கவில்லை என்பதால் ஆள் பிறக்கவில்லை என்று ஆகாது.

தேதியில் தடுமாறாதவர்கள் குறைவு. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதிய தேதி 1731 பிப்ரவரி 11. இன்று நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான பழைய தேதி எதையும் 1731/32 என்று இரட்டை ஆண்டாகவே குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மே மாதம் திருமணமானவர்களுக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் குழந்தை பிறந்தது முறைகேடாகத் தோன்றும். உண்மையில் ஒன்பது மாதம் கழிந்திருக்கும்.

படி 6: ஒரே பெயர், வேறு ஆள்

அதிகக் கவனம் தேவைப்படும் படி இது. ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோரான ஜானும் அவர் சகோதரர் லாரன்ஸும் 17ஆம் நூற்றாண்டில் வர்ஜினியாவில் குடியேறினார்கள். ஜான் போய்ச் சேர்ந்தது 1657இல். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற ஊரின் வாஷிங்டன் குடும்பத்திலும் ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர்கள் உண்டு. கம்பளி வணிகரான இன்னொரு லாரன்ஸ் 1539இல் அரசிடம் சல்கிரேவ் நிலத்தை வாங்கியிருந்தார். 1790களில் ஐசக் ஹேர்ட் என்ற, குலமரபுகளைப் பதிவுசெய்யும் அரச அதிகாரி இந்த இரண்டு ஜோடியையும் ஒன்றாக்கிவிட்டார். 1866இல் ஜோசப் செஸ்டர் என்ற வம்சாவளி ஆய்வாளர் அதை உடைத்தார்: சல்கிரேவ் ஜான் சர் பட்டம் பெற்றவர், இங்கிலாந்திலேயே இறந்தவர், லாரன்ஸோ பாதிரியார். 1889இல் ஹென்றி வாட்டர்ஸ் என்ற இன்னோர் ஆய்வாளர் உயில்களின் வழியே விடை கண்டார். வர்ஜினியா போனவர்கள் அந்தப் பாதிரியாரின் மகன்கள். பிழை ஒரே ஒரு தலைமுறைதான். பெயர்கள் அச்சாக ஒத்துப்போனதால் அது எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

எனவே ஒரே பெயருள்ள ஒவ்வொருவருக்கும் தனி வரிசை போடுங்கள்: ஞானஸ்நானம், மனைவி, தொழில், கடைசியாகக் காணப்பட்ட தேதி, அடக்கம். அடக்கம் கிடைத்தால் அந்த ஆளைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். உயில்கள் இதற்கு மிக நல்லவை. மகள்கள், பேரப்பிள்ளைகள், மாற்றாந்தாய் வழி உறவினர் எல்லாரும் பெயரோடு வருவார்கள். 1858க்கு முன் வசதியான தென்னிங்கிலாந்துக் குடும்பங்களின் உயில்கள் கேன்டர்பரி மறைமாநில நீதிமன்றத்தில் பதிவாயின. இன்று அவை பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

குடும்பப்பெயருக்கென்று விற்கும் மரபுச் சின்னத்தை (கேடய வடிவக் குலச்சின்னம்) வாங்காதீர்கள். சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. பெயருக்கு உரியது அல்ல.

படி 7: கடல் கடந்த பிறகு

ஆள் இந்தியாவுக்கு வந்திருந்தால், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னை மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் 1698 முதல் உள்ளன. அவை லண்டனுக்கு அனுப்பிய நகல்கள். எழுத்து சந்தேகமாக இருந்தால் மூலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் பெயருடையவர்கள் 1,63,036 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். இவர்களை டரமோடு இணைக்கக் கூடாது. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் பள்ளியில் பெயர் கேட்டபோது அங்கேயே தேர்ந்துகொண்ட பெயர் அது. அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். 1870 கணக்கெடுப்பில்தான் கறுப்பின மக்கள் அனைவரும் முதன்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழே பெரும்பாலும் வயதும் பாலினமும் மட்டுமே. அந்தச் சுவரைத் தாண்ட, 1870இல் குடும்பம் இருந்த ஊரைக் குறித்துக்கொண்டு, விடுதலை பெற்றோருக்கான சேமிப்பு வங்கியின் 1865 முதல் 1874 வரையான கணக்கு விண்ணப்பங்களைத் தேடுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிறந்த இடம், சிலவற்றில் முன்னாள் உடைமையாளர் பெயரும் கிடைக்கும். பிறகு அந்த உடைமையாளரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் எடுத்து, முதற்பெயர்களையும் வயதுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.